பால் மேடையில் ஒரு மூக்கு

அந்தப் பால் நிலையத்தில் அவளுடைய சொந்தப் பெயர் யார் வாயிலும் வராது. வருகைப் பதிவேட்டில் இருக்கிறது, ஆனால் அதை வாசிப்பவர் இல்லை. லாரி டிரைவர்கள் எல்லோருக்கும் அவள் மூக்கக்கா. மேலாளர் மட்டும் முகத்துக்கு நேரே ‘அம்மா’ என்பார். முதுகுக்குப் பின்னால் அவருக்கும் அவள் மூக்கக்காதான்.

பெயருக்குக் காரணம் அவள் பார்க்கும் வேலை. காலை ஏழு மணிக்குச் சுற்றுப்புற ஊர்களிலிருந்து எட்டு லாரிகள் பால் கேன்களோடு வந்து சேரும். கேன்கள் மேடையில் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்து வரும்போது ஒவ்வொன்றின் மூடியையும் கழற்றி, அதன் உட்புறத்தை முகர்ந்து பார்க்க வேண்டும். பாலை முகர வேண்டியதில்லை. இரண்டு மணி நேரப் பயணத்தில் பாலிலிருந்து எழும் வாசனையெல்லாம் போக்கிடம் இல்லாமல் மூடிக்கு அடியில் போய் ஒட்டிக்கொண்டிருக்கும். புளிப்பு, மாட்டுக்குக் கொடுத்த மருந்து, சரியாகக் கழுவாத கேனின் வாடை, எல்லாவற்றையும் மூடி சொல்லிவிடும். நல்ல பால் என்றால் அவள் தலையை ஆட்டுவாள். கேன் பெரிய தொட்டிக்குள் கவிழும். கெட்ட பால் என்றால் சிவப்புச் சாக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி போடுவாள். கேன் ஓரம்கட்டப்படும். அவள் தலையாட்டிய பிறகுதான் ஆய்வுக்கூடமே வேலையைத் தொடங்கும். ஒரு காலையில் நானூறு மூடிகள்.

பதினோரு வருடமாக அவள் அங்கே நிற்கிறாள். தொடக்கத்தில் அந்த மூக்குக்கு ஒரு மரியாதை இருந்தது. ஒருமுறை ஒரு மூடியை முகர்ந்துவிட்டு, "இந்த வீட்டு மாட்டுக்குக் கால்ல புண்ணு. களிம்பு போட்டிருக்காங்க, போட்ட கையைக் கழுவாம பால் கறந்திருக்காங்க" என்றாள். டிரைவர் சிரித்தார். மறுநாள் விசாரித்துவிட்டு வந்து, "அக்கா, புண்ணு வலது காலா இடது காலான்னும் சொல்லியிருக்கலாமே" என்றார். அன்றிலிருந்துதான் அவள் மூக்கக்கா ஆனாள்.

அப்போது லாரிகள் எதிரே இருந்த மைதானத்தில் நின்று, கூப்பிடும்போது ஒவ்வொன்றாக மேடைக்கு வரும். நான்கு வருடத்துக்கு முன்னால் சாலையை அகலப்படுத்துகிறோம் என்று மைதானத்தை எடுத்துக்கொண்டார்கள். மைதானம் இருந்த இடத்தில் கன்டெய்னர் வண்டிகள் பறக்கின்றன. பால் லாரிகளுக்கு நிற்க வேறு இடமில்லை. மேடையை ஒட்டினாற்போல் எட்டும் வரிசையாக நிற்கின்றன. நிற்கின்றன என்று சொல்வது தப்பு. உறுமிக்கொண்டிருக்கின்றன. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வரிசை நகரும் என்பதால் எவரும் என்ஜினை அணைப்பதில்லை. மேடையின் உயரமும் லாரிகளின் புகைக்குழாய் கக்கும் உயரமும் ஏறத்தாழ ஒன்று. இரண்டரை மணி நேரம், அந்தப் புகையின் நடுவே நின்று, அவள் மூச்சை நன்றாக இழுத்து இழுத்து முகர வேண்டும். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்ளலாம். அவளுக்கு மூக்கைத் திறந்து வைப்பதுதான் வேலை.

முதலில் பறிபோனது ஒரு பல். மேல்வரிசையில் வலப்பக்கக் கடைவாய்ப்பல் விண்விண் என்று தெறித்தது. பல் டாக்டர் தட்டிப் பார்த்துவிட்டுப் பிடுங்கிவிட்டார். வலி போகவில்லை. ஒரு வாரம் கழித்து அடுத்த பல்லும் வலிக்கிறது என்று போய் உட்கார்ந்தபோதுதான் அவருக்கே சந்தேகம் வந்தது.

"குனிஞ்சா வலி கூடுதா?"

"ஆமா. தலையே முன்னால வந்து விழற மாதிரி இருக்கு."

"அப்போ இது பல் இல்லம்மா. நீங்க மூக்கு டாக்டரைப் பாருங்க."

"அப்போ பிடுங்கின பல்லு?"

"அது போனது போனதுதான்" என்று கையைக் கழுவப் போய்விட்டார்.

மூக்கு டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். முகத்தின் எலும்புகளுக்குப் பின்னால் காற்று மட்டுமே இருக்க வேண்டிய அறைகளில் எல்லாம் சளி கட்டி, உள்தோல் வீங்கிக் கிடந்தது. நாள்பட்ட சைனஸ் என்றார்.

"சிகரெட் பிடிக்கிற பழக்கம் உண்டா?"

"இல்லைங்க. புகைதான் என்னைப் பிடிச்சு வச்சிருக்கு."

டாக்டர் சிரிக்கவில்லை. அவள் வேலையை விவரித்ததைக் கேட்டுவிட்டு, "மருந்து தர்றேன். ஆனா அந்த இடத்துல நிக்கிற வரைக்கும் இது போகாது" என்றார்.

மூக்கில் அடிக்கும் மருந்து, இரவில் ஒரு மாத்திரை, காலையில் உப்பு நீரால் மூக்கைக் கழுவுவது. அவள் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. ஆறு மணிக்குக் கழுவினால் மூக்கு திறக்கும். அந்த ஒரு மணி நேரம் உலகம் அவளுக்கு வேறு மாதிரி இருக்கும். சோப்பு மணக்கும், ஈரத்துணி மணக்கும், மகளின் தலைமுடி மணக்கும். ஏழு மணிக்கு மேடை ஏறுவாள். எட்டு மணிக்குள் பழையபடி அடைத்துக்கொள்ளும். ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதுபோல அவள் மூக்கைக் கழுவிக்கொண்டே இருந்தாள்.

வீட்டுக்குப் போனாலாவது நல்ல காற்று உண்டா என்றால் அதுவும் இல்லை. அவள் கணவர் இருசக்கர வாகன மெக்கானிக். பட்டறை வீட்டின் முன்னறைதான். பழுது பார்த்த வண்டியை வாசலில் நிறுத்தி, முறுக்கு முறுக்கென்று முறுக்கிச் சத்தத்தைக் கேட்டுத் திருப்திப்படுவார். புகை நேரே கூடத்துக்குள் வரும்.

"என்னங்க, கொஞ்சம் தள்ளி வச்சு முறுக்கக் கூடாதா? டாக்டர் என்ன சொன்னார்?"

"தள்ளி வச்சா ரோடு. ரோட்டுல இதைவிடப் புகை. இங்கயாவது நம்ம புகை."

அவர் கெட்டவர் அல்ல. அவளுக்குத் தலைவலி என்றால் பாத்திரம் துலக்குவார், துணி காயப்போடுவார். புகையும் தலைவலியும் ஒன்றுக்கொன்று சொந்தம் என்பதுதான் அவர் மண்டையில் ஏறவில்லை.

நிலையத்தில் அவள் மூன்று முறை எழுதிக் கொடுத்தாள். லாரிகள் காத்திருக்கும்போது என்ஜினை அணைக்கச் சொல்லுங்கள் என்பது ஒன்றுதான் கோரிக்கை. முதல் கடிதம் காணாமல் போயிற்று. இரண்டாவதைப் பார்த்துவிட்டு மேலாளர், "நியாயம்தான்ம்மா" என்றார். மூன்றாவதுக்குப் பலன் கிடைத்தது. மேடைத் தூணில் ‘என்ஜினை அணைக்கவும்’ என்று வெள்ளைப் பலகை ஒன்று மாட்டினார்கள். இரண்டே மாதத்தில் புகை படிந்து பலகை கறுத்துவிட்டது. யாருக்குச் சொல்ல வைத்தார்களோ அவர்களே அழித்துவிட்டார்கள்.

வரிசையின் முதல் லாரியை ஓட்டுபவருக்கு ‘ஹாரன்’ என்று பட்டப்பெயர். வண்டியின் ஹாரன் வேலை செய்யாததால் தலையை வெளியே நீட்டிக் கத்தியே வழி வாங்குகிறவர். அவரிடம் அவள் நேரடியாகவே கேட்டுப் பார்த்தாள்.

"அக்கா, இந்த வண்டி கிழட்டு வண்டி. ஒரு தடவை தூங்கினா எழுந்திருக்காது. அப்புறம் நீங்கதான் இறங்கித் தள்ளணும்."

"தள்ளறேன்."

"ஒரு நாளைக்கு எட்டு வாட்டி?"

"அப்போ பேட்டரியை மாத்தச் சொல்லுங்க."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். மூக்கு அடைக்கிறதுக்கு என் பேட்டரி என்னக்கா பண்ணும்?" வரிசையில் இருந்த மற்ற டிரைவர்களும் சிரித்தார்கள். அவளுக்கு எரிச்சலில் கண்ணில் நீர் வந்தது. அது எரிச்சலால் வந்ததா புகையால் வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. அதனால் இன்னும் எரிச்சல் வந்தது.

இதுவரை சொன்னதில் அவள்மேல் தவறு எதுவும் இல்லை. தவறு போன வருடம் தொடங்கியது.

ஒருநாள் மாலை அடுப்பில் பாலை வைத்துவிட்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். மகள் வெளியிலிருந்து ஓடிவந்து அடுப்பை அணைத்தாள்.

"அம்மா, என்னம்மா பண்றே? தெரு முனை வரைக்கும் தீய்ஞ்ச வாடை அடிக்குது."

பாத்திரம் அடிப்பிடித்துக் கறுத்துக் கிடந்தது. அவள் குனிந்து, முகத்தைப் பாத்திரத்துக்குள்ளேயே விட்டு முகர்ந்தாள். ஒன்றும் இல்லை. வெறும் வெப்பம்தான் முகத்தில் அடித்தது. பிறகு சோப்பை முகர்ந்தாள், மண்ணெண்ணெய் போத்தலைத் திறந்து முகர்ந்தாள். எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. காலையில் கழுவியதும் கிடைக்கும் அந்த ஒரு மணி நேரமும் சில வாரமாகக் கிடைக்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"அப்பாகிட்ட சொல்லாதே" என்றாள்.

"ஏன்?"

"அந்த மனுஷன் வாய்ல எதுவும் தங்காது. பட்டறைக்கு வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்லுவார். அதுல பாதிப் பேர் டிரைவருங்க."

மறுநாள் அவள் வேலைக்குப் போனாள். மூடியைக் கழற்றினாள், முகர்ந்தாள், தலையை ஆட்டினாள். உண்மையில் அவள் மூக்கால் பார்க்கவில்லை. எந்த ஊர்ப் பால் எவ்வளவு நேரம் வெயிலில் வந்திருக்கும், எந்த வீட்டுக்காரர்கள் கேனைக் கழுவச் சோம்பல்படுவார்கள், லாரியின் எந்த வரிசைக் கேன் சூடேறும் என்பதெல்லாம் பதினோரு வருடத்தில் மனப்பாடம். கேனைத் தொட்டுப் பார்ப்பாள். மூடியின் ரப்பர் வளையம் பிசுபிசுக்கிறதா என்று விரலால் தடவுவாள். சந்தேகம் வந்தால் ஒரு துளியை நாக்கில் வைப்பாள். அப்படிச் செய்யக் கூடாது, ஆனால் புளிப்பு மட்டும் நாக்குக்குத் தெரியும். இப்படியே ஒரு வருடம் ஓடியது. அவள் போட்ட சிவப்புக் குறிகளை யாரும் சந்தேகிக்கவில்லை. ஒவ்வொரு நாளும் மேடையை விட்டு இறங்கும்போது நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பாள். சொன்னால் மேடையை விட்டு இறக்கிவிடுவார்கள், மூக்கு இல்லாத மூக்கக்காவை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள் என்று மறுநாள் காலையில் நினைத்துக்கொள்வாள்.

நாக்குக்கும் விரலுக்கும் பிடிபடாத ஒன்று ஒருநாள் வந்தது.

தொலைவிலிருந்து வரும் ஐந்தாவது லாரியில், வழியில் தீர்ந்துபோனால் ஊற்றிக்கொள்ள ஒரு கேன் டீசலைப் பால் கேன்களுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்திருக்கிறார்கள். மேடு பள்ளத்தில் அது கசிந்து, பக்கத்திலிருந்த பால் கேனின் மூடியில் வழிந்திருக்கிறது. ரப்பர் வளையம் அதைக் குடித்துக்கொண்டது. அந்தக் கேன் அவள் முன் வந்தது. மூடியை எடுத்தாள். வளையம் சற்று வழவழப்பாக இருந்தது. நன்றாகக் கழுவியிருக்கிறார்கள் என்று நினைத்துத் தலையை ஆட்டினாள்.

ஆய்வுக்கூடத்தில் பார்ப்பது கொழுப்பு, புளிப்பு, கொதித்தால் திரிகிறதா என்பது. எல்லாம் சரியாக இருந்தது. ஒரு கேன் ஒரு தொட்டியைக் கெடுத்தது. காய்ச்சியதும் வாடை இன்னும் எழும்பியது. அடுத்த நாள் மதியத்துக்குள் நகரின் பாதி வீடுகளிலிருந்து பால் பைகள் திரும்பி வந்தன. ஒரு குழந்தை குடித்துவிட்டு வாந்தி எடுத்ததாக ஒரு தாய் தொலைபேசியில் அழுதாள். மேலாளர் அந்த அழுகையைக் கேட்டுவிட்டு, நேரே மேடைக்கு வந்தார்.

"அம்மா, இது புளிப்பு இல்ல, மருந்து இல்ல. டீசல். கண் தெரியாதவன்கூட மூக்கால கண்டுபிடிப்பான். உங்க கையைத் தாண்டி எப்படிப் போச்சு?"

"சார், இந்த மேடையில டீசல் வாடை இல்லாத நாள் எது?"

"அது வேற, இது வேற."

"எனக்கு வேற வேற இல்ல சார்."

மேலாளர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். "நாளைக்குப் பெரிய ஆபீஸ்லேர்ந்து கேள்வி வரும். நான் ஒரு பதில் வச்சிருக்கணும். காலையில என் ரூமுக்கு வாங்க. பத்து மூடி வைக்கிறேன். ரெண்டுல டீசல் இருக்கும். நீங்க எடுத்துக் கொடுத்துட்டா, உங்க மூக்கு சரியா இருக்குன்னு எழுதிடறேன். ஏதோ ஒரு நாள் தவறிடுச்சுன்னு முடிச்சுக்கலாம்."

அன்று மாலை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் பெண் அவளோடு வாசல் வரை நடந்து வந்தாள். சின்னப் பெண், இருபத்துமூன்று வயதிருக்கும். எல்லோரும் அவளை லேப் பொண்ணு என்றே கூப்பிடுவார்கள்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? உங்களுக்கு இப்போ வாசனையே தெரியறதில்ல, இல்லையா?"

மூக்கக்கா நடையைக் கூட்டினாள்.

"நீங்க நாக்குல வச்சுப் பார்க்கிறதைப் பார்த்திருக்கேன். யார்கிட்டயும் சொல்லல. நாளைக்கு மூடியை அடுக்கி வைக்கப் போறது நான்தான். டீசல் தடவின ரெண்டையும் வரிசையிலேர்ந்து ஒரு விரல் அளவு முன்னால இழுத்து வைக்கிறேன். நீங்க பார்த்தா போதும்."

"எதுக்கும்மா உனக்கு இந்த வம்பு?"

"பதினோரு வருஷம் அக்கா. அந்த ரூம்ல உங்களைப் பத்து நிமிஷத்துல முடிச்சிடுவாங்க."

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவளுக்கு அந்த ஒரு விரல் அளவுதான் கண்ணில் நின்றது. எவ்வளவு சுலபம். ஆனால் மேலாளர் அறையில் ஜன்னலைச் சாத்திவிட்டு அவள் சரியாகச் சொல்லிவிட்டால் என்ன ஆகும்? மூக்கு நன்றாக இருக்கிறது, அன்றைக்கு அலட்சியம் என்று எழுதுவார்கள். புகையைப் பற்றி ஒரு எழுத்துக்கூட இருக்காது. நாலு வருடம் தொண்டை வற்றக் கத்தியது செவிடன் காதில் ஊதிய சங்காகப் போகும்.

மறுநாள் காலை அவள் மேலாளர் அறைக்குப் போகவில்லை. மேடையில் நின்றுகொண்டு ஆள் அனுப்பினாள்.

"சார், மூடிகளை இங்கேயே கொண்டு வரச் சொல்லுங்க. நான் வேலை பார்க்கிற இடம் இதுதான். பரீட்சையும் இங்கேயே வைங்க."

மேலாளர் வேகமாக வந்தார். "இங்க எப்படிம்மா? இவ்வளவு வண்டி நிக்குது."

"அதைத்தான் சார் நானும் சொல்றேன். நான் மட்டும் வேண்டாம், எல்லாரும் மோந்து பார்க்கலாம். முதல்ல நீங்க."

ஹாரன் லாரியை விட்டு இறங்கி வந்தார். மற்ற டிரைவர்களும் சுற்றி நின்றார்கள். எல்லோர் முன்னாலும் முடியாது என்று சொல்ல மேலாளருக்கு மனமில்லை. லேப் பொண்ணு பத்து மூடிகளையும் பலகைமேல் அடுக்கினாள். ஒவ்வொன்றிலும் சாக்கட்டியால் எண் எழுதியிருந்தது. மூன்றாவதும் எட்டாவதும் ஒரு விரல் அளவு முன்னால் இருந்தன. அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"நம்பரை வாயால சொல்லக் கூடாது. ஒவ்வொருத்தரும் சீட்டுல எழுதி என்கிட்ட கொடுங்க" என்றாள் லேப் பொண்ணு.

எட்டு லாரிகள் உறுமிக்கொண்டிருந்தன. மேலாளர் முதல் மூடியை முகர்ந்து முகத்தைச் சுளித்தார். இரண்டாவதிலும் சுளித்தார். ஐந்தாவதுக்கு வந்தபோது இருமத் தொடங்கினார். "எல்லாத்துலயும் டீசல் அடிக்குதே" என்றார். ஹாரன் வரிசையாகப் பத்தையும் முகர்ந்துவிட்டு, "எதுலயும் இல்ல சார்" என்றார். இன்னொரு டிரைவர் ஒன்றையும் ஆறையும் எழுதினார். அவருடைய வண்டிதான் மேடைக்கு மிக அருகில் நின்றது.

லேப் பொண்ணு சீட்டுகளைப் பிரித்துப் பார்த்தாள். "ஒருத்தர்கூடச் சரியா எழுதல சார்."

மேலாளர் ஹாரனைப் பார்த்து, "எல்லா வண்டியையும் அணைக்கச் சொல்லு" என்றார்.

"சார், என் வண்டி..."

"அணைய்யா."

ஒன்றன்பின் ஒன்றாக என்ஜின்கள் அடங்கின. கடைசி லாரியும் நின்றபோது, சாலையில் போகும் வண்டிகளின் சத்தம் திடீரென்று பக்கத்தில் கேட்டது. மேடையின் இரண்டு பக்கக் கதவுகளையும் திறந்து வைத்தார்கள். அரைமணி நேரம் காத்திருந்தார்கள். கேன்களில் பால் காத்திருந்தது. அதுவரை யாரும் யாரையும் கேலி செய்யவில்லை.

பிறகு மறுபடியும் முகர்ந்தார்கள். மூன்றாவது மூடியை மேலாளர் முகத்தருகே கொண்டுபோவதற்குள்ளேயே தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். சீட்டில் எழுதினார். ஹாரன் எழுதினார். எழுதும்போது அவர் மூக்கக்காவை ஒரு பார்வை பார்த்தார். இன்னொரு டிரைவரும் எழுதினார். லேப் பொண்ணு சீட்டுகளைப் பிரித்தாள். எல்லாச் சீட்டிலும் மூன்று, எட்டு.

"பார்த்தீங்களா சார்?" என்றாள் மூக்கக்கா. நாலு வருடமாக அவள் சொன்னது எல்லோர் கையெழுத்திலும் எழுதியிருந்தது. அவளுக்கு நியாயமாகச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும்.

"பார்த்தேன்ம்மா. உங்க பேச்சைக் கேட்டிருக்கணும்" என்றார் மேலாளர். குரல் இறங்கியிருந்தது. "இப்போ நீங்களும் மோந்து எழுதிக் கொடுத்துடுங்க. மேடைதான் காரணம், ஆள் காரணம் இல்லன்னு எழுதி அனுப்பிடறேன். நாளையிலேர்ந்து இங்க எந்த என்ஜினும் ஓடாது."

மூன்றும் எட்டும் ஒரு விரல் அளவு முன்னால் இருந்தன. லேப் பொண்ணு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு எண்களை எழுதினால் போதும். வேலையும் தங்கும், புகையும் போகும், கரும்பு தின்னக் கூலியும் கிடைத்ததுபோல ஆகிவிடும்.

அவள் மூன்றாவது மூடியை எடுத்து முகத்தோடு ஒட்டி வைத்தாள். கண்ணை மூடி, நெற்றி தெறிக்கும் அளவுக்கு மூச்சை இழுத்தாள். ரப்பரின் குளிர்ச்சி மேலுதட்டில் பட்டது. வேறொன்றும் வரவில்லை. புகை இல்லாத மேடையில், கதவுகள் திறந்து கிடக்கும்போதும், ஒன்றும் வரவில்லை. இத்தனை நாளும் புகை நின்றால் மூக்கு திரும்பிவிடும் என்று ஒரு மூலையில் நம்பிக்கொண்டிருந்தாள். அந்த நம்பிக்கையில்தான் ஒரு வருடம் பொய்யாகத் தலையை ஆட்டினாள். நாளைக்கு நானூறு மூடி வரும். அதில் எதையும் யாரும் அவளுக்காக முன்னால் இழுத்து வைக்க மாட்டார்கள். அந்தத் தாய் மறுபடியும் தொலைபேசியில் அழுவாள்.

மூடியைக் கீழே வைத்தாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியல சார்."

"சரியா மோந்து பாருங்கம்மா. அவசரமில்ல."

"அடுப்புல பால் தீய்ஞ்சாலே எனக்குத் தெரியறதில்ல. ஒரு வருஷமாச்சு."

லேப் பொண்ணு நிமிர்ந்தாள். மேலாளரின் முகத்தில் இருந்த இரக்கம் மெதுவாகக் கோபமாக மாறியதை மூக்கக்கா பார்த்தாள். "ஒரு வருஷமா? அப்போ ஒரு வருஷமா நீங்க தலையாட்டின பால் எல்லாம்?"

"தப்புத்தான் சார். சொல்லியிருக்கணும். ஆனா புகையைப் பத்தி நாலு வருஷமாச் சொன்னேன். அதைக் கேட்டிருந்தா இதைச் சொல்ல வேண்டிய நிலைமையே வந்திருக்காது."

"ரெண்டும் ஒண்ணாம்மா?"

"எனக்கு ஒண்ணுதான் சார்" என்றாள். மூக்கடைப்பில், ‘எனக்கு’ என்பதே ‘எடக்கு’ என்றுதான் வந்தது. யாரும் சிரிக்கவில்லை.

ஹாரன்தான் கடைசியில் வாயைத் திறந்தார். "அரைக் காசுக்கு அறுந்த மூக்கு ஆயிரம் பொன் கொடுத்தாலும் ஒட்டாதும்பாங்க" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு லாரியில் ஏறினார். வண்டி கிளம்பவில்லை. நான்கு பேர் சேர்ந்து தள்ளினார்கள்.

அவளை வேலையை விட்டு அனுப்பவில்லை. அந்த மட்டுக்கு மேலாளர் நல்லவர். மேடையின் பின்பக்கம் இருக்கும் ஸ்டோர் அறைக்கு மாற்றினார். மூடிகளுக்கு ரப்பர் வளையம் எடுத்துக் கொடுப்பது, பழையவற்றைக் கழித்துக் கட்டுவது. மேடையில் அவள் இடத்துக்கு லேப் பொண்ணு வந்தாள். நல்ல மூக்கு என்று எல்லோரும் சொன்னார்கள். இரண்டாவது நாளே அவளைச் சின்ன மூக்கு என்று கூப்பிடத் தொடங்கினார்கள்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது கணவர் வெகுநேரம் கையில் இருந்த ஸ்பேனரையே திருப்பிக்கொண்டிருந்தார். "புகை இவ்வளவு பண்ணுமா?" என்றார்.

"நாலு வருஷமா என்ன சொல்லிட்டிருந்தேன்னு நினைச்சீங்க?"

"தலைவலின்னு நினைச்சேன்." அவர் எழுந்துபோய் வாசலில் நின்ற வண்டியைத் தெரு முனைக்குத் தள்ளிக்கொண்டு போனார். அதைப் பார்த்து அவளுக்கு ஆறுதல் வரவில்லை. முன்பே தள்ளியிருக்கலாமே என்று ஆத்திரம்தான் வந்தது.

நான்கு நாள் மேடையில் எல்லா லாரிகளும் அணைந்து நின்றன. புதிய வெள்ளைப் பலகையும் மாட்டினார்கள். ஐந்தாம் நாள், மழை வருகிறது, தள்ள முடியாது என்று ஒரு டிரைவர் என்ஜினை ஓடவிட்டார். அவர் ஓடவிட்டால் எனக்கு என்ன என்று அடுத்தவர். எட்டாம் நாள் காலை ஏழரைக்கு ஸ்டோர் அறையில் இருந்தபடியே அவள் காதில் எட்டு என்ஜின்களும் விழுந்தன. வாசனை தெரியாவிட்டாலும் தரை அதிர்வது தெரியும்.

அவள் வாசலுக்கு வந்து பார்த்தாள். மேடையில் சின்ன மூக்கு ஒரு மூடியை முகர்ந்துவிட்டு, தயங்கி, மறுபடியும் முகர்ந்தாள். பிறகு முழங்கையை உயர்த்திச் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். இரண்டு மூடிக்கு ஒருமுறை துடைத்தாள்.

மூக்கக்கா கையிலிருந்த ரப்பர் வளையங்களை மேசைமேல் போட்டுவிட்டு மேடையைச் சுற்றிக்கொண்டு கீழே இறங்கினாள். முதல் லாரியில் ஹாரன் இல்லை. பக்கத்து டிரைவரோடு பேசிக்கொண்டிருந்தார். அவள் படியில் கால் வைத்து ஏறி, உள்ளே கைவிட்டு, சாவியைத் திருகி உருவினாள். வண்டி ஒருமுறை உலுக்கிக்கொண்டு நின்றது.

"அக்கா, என்ன பண்றீங்க? சாவியைக் கொடுங்க."

அவள் அடுத்த லாரிக்கு நடந்தாள். அதிலும் ஏறினாள். மூன்றாவது லாரியின் டிரைவர் உள்ளேயே உட்கார்ந்திருந்தார். அவள் கதவருகே நின்று கையை நீட்டினாள். அவர் ஹாரனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு தானே அணைத்துச் சாவியை அவள் உள்ளங்கையில் வைத்தார்.

மேலாளர் மாடிப்படியில் இறங்கி ஓடிவந்தார். "அம்மா, உங்க வேலை ஸ்டோர்ல. இது உங்க வேலை இல்ல."

"தெரியும் சார்."

"வரிசை நகர வேண்டாமா?"

"நகரட்டும். அவங்க முறை வரும்போது வந்து வாங்கிக்கட்டும். வண்டி கிளம்பலேன்னா நானும் தள்ளறேன்." ஐந்தாவது லாரியின் படியில் அவள் ஒரு கால் வைத்திருந்தாள். கையில் நான்கு சாவிகள் இருந்தன. மேடையில் சின்ன மூக்கு மூடியைக் கையில் பிடித்தபடி, முகராமல், மீதி என்ஜின்கள் அடங்குவதற்காகக் காத்துக்கொண்டு நின்றாள்.